நின்றது போல் தெரிந்த விசிறி

அன்பு மகன் முகிலனுக்கு,

இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. உன் தாயும், உனக்குப் பெண் கொடுக்க இசைந்த பெரியவரும், மழைக்கு ஒதுங்கி வேலியோரம் நின்ற பக்கத்து வீட்டாரும் கேட்கும்படி உன்னைப் பொய்யன் என்றேன். பலர் அறியச் சொன்ன சொல்லைத் தனியறையில் திரும்பப் பெறுவது முறையன்று. ஆகவே நம் கிள்ளான் கோயில் மண்டபத்தில், நான் பதிகம் சொல்லிக்கொடுக்கும் அதே இடத்தில், வரும் வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பிறகு இந்தக் கடிதத்தை உரக்கப் படிக்கப் போகிறேன். அதற்கு முன்பாக உன் கைக்கு ஒரு படி சேரவேண்டும் என்பதால் டெங்கிலில் நீ தங்கியிருக்கும் நண்பனின் முகவரிக்கு அனுப்புகிறேன். தொலைபேசியை நீ எடுப்பதில்லை. எடுக்காதது உன் உரிமை. ஆனால் திருமணம் நின்றுவிட்டது என்று நீ மணக்கவிருக்கும் தரணியிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது உண்மையில்லை. அது ஏன் உண்மையில்லை என்பதைச் சொல்லத்தான் இத்தனையும்.

அந்தக் காரை நீ வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் அதைப் பற்றி எதுவும் அறியாதவர்களும் மண்டபத்தில் இருப்பார்கள். நான் பிறப்பதற்கு முன்பே இங்கிலாந்தில் செய்து கப்பலேற்றிய கார் அது. சாலாக் செலாத்தானில் ஒரு பழைய இரும்புக் கடையின் பின்புறத்தில் மழையில் கிடந்ததை லோரியில் ஏற்றி வந்து நம் வீட்டு முன்புறப் போர்ச்சில் இறக்கினாய். உன் அம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "இது காரா, கோழிக்கூடா? முட்டையாவது போடுமா?" என்றாள். நீ சிரித்துக்கொண்டே, "ரெண்டு வருசம் குடுங்கம்மா, இதுலதான் ஒங்க மருமகள கூட்டிக்கிட்டு வருவேன்" என்றாய். அப்போது மருமகள் என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதே எங்களுக்குத் தெரியாது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டு அன்று இரவுச் சாப்பாட்டுக்குள் தரணியின் பெயரை உன்னிடமிருந்து வாங்கிவிட்டாள்.

பிறகு பொட்டலம் பொட்டலமாகக் கருவிகள் வந்தன. நிலாப்பிறை போல வளைந்த ஸ்பானர் ஒன்று. அதன் வேலை அந்தக் காரில் ஒரேயொரு போல்ட்டைத் திருப்புவது மட்டும்தான் என்றாய். தாள் போன்ற எஃகுத் தகடுகளை விசிறியாக அடுக்கிய அளவுகோல் ஒன்று. துப்பாக்கி வடிவத்தில், விசையை அழுத்தினால் மின்னலைப் போல விட்டுவிட்டு ஒளிரும் விளக்கு ஒன்று. "பொண்ணுக்குச் சேலை பாக்கப் போடான்னா, வளஞ்ச ஸ்பானர் வாங்கிட்டு வந்து தடவிக்கிட்டு இருக்கான்" என்று அம்மா தரணியிடமே தொலைபேசியில் புகார் செய்தாள். அந்தப் பெண் மறுமுனையில், "சேலை அடுத்த மாசமும் கெடைக்கும் ஆன்டி, அந்த ஸ்பானர் கெடைக்காது லா" என்றாளாம். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

எஞ்சின் உயிர்பெற்று ஓடத் தொடங்கியதும் ஒரு குறை தெரிந்தது. நெடுஞ்சாலையின் மேம்பாலத்தில் ஏறும்போது தகரக் குவளைக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற ஓசை. தீப்பொறி விழும் நேரம் சரியில்லை என்றாய். நான் உன் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லாம் அறிந்தவன் போல, "பிஸ்டன் மேலே வந்து நின்ற பிறகு பொறி விழுந்தால் போதுமே, அதில் என்ன சிக்கல்?" என்று கேட்டேன். நீ பொறுமையாகச் சொன்னாய்: "இல்லப்பா. மேல வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே விழணும். பொறி விழுந்த ஒடனே எல்லாம் எரிஞ்சிடாது. தீ பரவ நேரம் வேணும்ல? ரொம்ப முன்னாடி விழுந்தா இந்த மாதிரி தட்டும், பிஸ்டன் ஒடஞ்சிடும். பின்னாடி விழுந்தா வண்டி இழுக்காது, சூடேறிடும். ஊசி மொனை அளவு எடம்தான்." எஞ்சினின் முன்புறம் சுழலும் சக்கரத்தில் ஒரு சிறு கீறல் இருக்கிறது என்றும், அதில் வெள்ளைச் சாயம் தொட்டு, மின்னும் விளக்கை அதன்மேல் அடித்தால், ஓடுகிற சக்கரம் நின்றது போலத் தெரியும் என்றும், அப்போது கீறல் எந்த எண்ணுக்கு நேரே நிற்கிறதோ அதுதான் பொறியின் நேரம் என்றும் விளக்கினாய்.

நின்றது போலத் தெரியும். இந்தச் சொற்களை நீ என்னிடம் சொன்னாய், முகிலா. நான் தலையாட்டினேன். தலையாட்டியவன் கேட்டவன் ஆகமாட்டான்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். காலையில் கொமூட்டர் ரயில் ஏறிப் பிரிக்பீல்ட்ஸ் கோயிலுக்குப் போய், உன் கார் நல்லபடியாக ஓடவேண்டும் என்று அருச்சனை செய்து, சுவாமிக்குச் சாத்திய மல்லிகைச் சரத்தை வாங்கி வந்தேன். வாகனத்துக்குப் பூச் சூட்டுவது நம் வழக்கம். புது வண்டியென்றால் முகப்பில் கட்டுவோம். நீ அந்த வண்டியின் உயிரே எஞ்சின்தான் என்று ஓயாமல் சொன்னதால், திறந்திருந்த மூடிக்கடியில், ரேடியேட்டரின் தலையில் சரத்தை வைத்தேன். நீ முகம் சுளித்தாய். "அப்பா, உள்ள பூ வேணாம்பா. எஞ்சின் ஓடுற எடம் அது." நான், "சாமி பூடா. ஒரு மணி நேரம் இருக்கட்டும். ஓட்டிப் போகும்போது எடுத்துக்கலாம்" என்றேன். உன் முகத்தில் எதிர்ப்பு இருந்தது. உன் வாயில் இல்லை. என் மனம் நோகக் கூடாது என்று சரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளி வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாய். நான் கைகால் அலம்பி விளக்கேற்ற உள்ளே போனேன்.

மீண்டும் வெளியே வந்தபோது வானம் கறுத்து, மழை தொடங்கி, போர்ச்சுக்குள் அந்தி வேளை போல இருள் கட்டியிருந்தது. எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. நீ வண்டியின் பக்கவாட்டில் குனிந்து, ஒரு கையில் அந்த விளக்கும், மற்றொரு கை எஞ்சினுக்குள்ளுமாக இருந்தாய். வெள்ளொளி படபடவென்று துடித்தது. நான் வண்டியின் முன்புறம் வந்து நின்றேன். அதிர்வில் மல்லிகைச் சரம் நழுவி, ரேடியேட்டருக்குப் பின்னால், விசிறியின் பக்கமாகத் தொங்கத் தொடங்கியிருந்தது. விசிறியைப் பார்த்தேன். நான்கு இதழும் தனித்தனியாக, துடைத்து வைத்த தாம்பாளம் போல அசையாமல் நின்றன. எஞ்சின் ஓடுகிறதே என்ற எண்ணம் எனக்கு வராமலில்லை. ஆனால் நான் ஓட்டும் காரில் எஞ்சின் ஓடும்போதே விசிறி நின்றிருக்கும். சூடேறினால்தான் மின்சாரத்தில் தானாகச் சுழலும். இதுவும் அப்படியே என்று கொண்டேன். இந்தப் பழைய வண்டியில் விசிறி எஞ்சினோடு வாரால் பிணைக்கப்பட்டது, எஞ்சின் ஓடும்வரை அதற்கு ஓய்வே இல்லை என்பது எனக்குத் தெரியாது. சுவாமி பூ எண்ணெய்க் கறையில் விழுந்துவிடுமே என்று கையை உள்ளே நீட்டினேன்.

"டேய் மடையா! கைய எடுடா!"

கேட்டது உன் குரல் என்பது எனக்கு உடனே விளங்கவில்லை. கையிலிருந்த விளக்கோடு என் முன்னங்கையில் ஓங்கி அடித்தாய். அதே வேகத்தில் உன் தோள் என் மார்பில் மோதியது. நான் மல்லாந்து தரையில் விழுந்தேன். கண்ணாடி எங்கோ போயிற்று. அந்த நொடியில்தான் நம் வாசற்கம்பிக் கதவருகே, குடையை மடக்கியபடி உன் மாமனார் ஆகவேண்டியவர் நின்றுகொண்டிருந்தார். அழைப்பிதழ் மாதிரியைக் காட்ட வந்தவர். அவர் கண்டது இவ்வளவுதான்: மகன் தகப்பனை வாயில் வந்த சொல்லால் திட்டி, அடித்து, தரையில் தள்ளுகிறான்.

நீ எஞ்சினை உடனே நிறுத்தினாய். உன் உதடு வெளுத்திருந்தது. அம்மா ஓடிவந்து, "என்னடா பண்ணுன? அப்பாவையா அடிச்ச?" என்று கத்தினாள். "விசிறிம்மா… கைய விட்டாரு… ஓடிக்கிட்டு இருந்துச்சு" என்று நீ தடுமாறினாய். எல்லாரும் விசிறியைப் பார்த்தார்கள். எஞ்சின் நின்றுவிட்டதால் அது உண்மையாகவே நின்றிருந்தது. நான் எழுந்து உட்கார்ந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை மண்டபத்திலும் அப்படியே படிப்பேன்: "நின்னுக்கிட்டு இருந்த விசிறிய ஓடுச்சுங்கிறான். என் ரெண்டு கண்ணால பாத்தேன். அடிச்சது கூடப் பெருசில்ல சம்பந்தி. கூசாமப் பொய் சொல்றான் பாருங்க."

நீ என்னையே பார்த்தாய். "நான் பொய் சொல்றேனாப்பா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு மழைக்குள் போனாய்.

நான் மேடையேறிப் பேசத் தொடங்கிய நாள் முதலே, ஐம்பொறிகளை நம்பாதே என்பதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அரையிருளில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று கண்டு அலறுபவனைச் சொல்லியிருக்கிறேன். இருட்டில் சுழற்றும் கொள்ளிக்கட்டை நெருப்பு வளையமாகத் தெரிவதைச் சொல்லி, வளையம் அங்கே இல்லை, சுழலும் ஒரு முனைதான் உண்டு என்று விளக்கியிருக்கிறேன். கேட்டவர்கள் கண்ணீர் மல்கியதும் உண்டு. அந்தக் கொள்ளிக்கட்டை என் வீட்டுப் போர்ச்சிலேயே வந்து சுழன்றபோது, நான் என் கண்ணைச் சாட்சிக்கு அழைத்து, பெற்ற மகனுக்குத் தீர்ப்பு எழுதினேன். நூலில் படித்த பாம்பும் கயிறும் எனக்குத் தெரியும். பாம்பைக் கயிறென்று காணும் நாள் ஒன்று வரும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

செய்தி பரவியது. சுங்கை வேயிலிருந்து உன் பெரியப்பா வந்து, சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே தீர்ப்பு வழங்கினார். "மண்டபத்துல நாலு பேரு முன்னால ஒன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கட்டும். அப்புறம் கல்யாணத்தப் பத்திப் பேசலாம். இல்லன்னா நான் வரமாட்டேன், எங்க வீட்டாளுங்க ஒருத்தரும் வரமாட்டாங்க." நானும் அதுவே நீதி என்று எண்ணினேன். உன் அம்மா மட்டும் காய் நறுக்கியபடி ஒன்றைச் சொன்னாள். "அவன் பொய் சொன்னா காது செவந்துடும். சின்னப் புள்ளையிலேர்ந்து அப்படித்தான். அன்னிக்குச் செவக்கல. நான் பாத்தேன்." பெரியப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். உனக்கு நினைவிருக்கிறதா, ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பதிகம் மறந்துபோனால் மற்றப் பிள்ளைகள் உதட்டை மட்டும் அசைத்துக் கூட்டத்தோடு தப்பித்துக்கொள்வார்கள். நீ மட்டும் எழுந்து நின்று, "தெரியல சார்" என்பாய். வகுப்பில் அப்பாவை அப்பா என்று அழைக்கக் கூடாது என்று நான் இட்ட கட்டளையையும் மீறமாட்டாய். அதையெல்லாம் அறிந்த நான், உன் அம்மாவின் சொல்லைக் கேட்டுச் சிரித்தேன்.

பிறகு உன் மாமனார் வந்தார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் பிறந்து, வாழ்நாள் முழுவதும் ரயில் நிலையத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னைவிட மூத்தவர். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, கொடுத்த தேநீரைத் தொடாமல் பேசினார். "கோவிச்சிக்காதீங்க சம்பந்தி. எனக்கு ஒரே பொண்ணு. கோவம் எல்லாருக்கும் வரும். ஆனா பெத்த அப்பாவ அடிச்சிட்டு, ஒடனே ஒரு பொய்யும் சொல்ற பையன்கிட்ட… கொஞ்சம் தள்ளிப்போடலாம்னு பாக்குறேன்." தள்ளிப்போடுவது என்றால் என்ன என்று இருவருக்கும் தெரியும். அப்போதும் நான் உனக்காகப் பேசவில்லை. என்னை அவர் நம்புகிறாரா என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. "நான் பாத்தத நீங்களும் பாருங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்" என்று அவரைப் போர்ச்சுக்கு அழைத்துப் போனேன். மறைக்காமல் எழுதுகிறேன்: நீ பொய்யன் என்று மெய்ப்பிக்கத்தான் அழைத்துப் போனேன்.

நீ விட்டுப்போனபடியே எல்லாம் இருந்தன. விளக்கின் கவ்விகள் பேட்டரியிலும் எஞ்சின் கம்பியிலும் கிடந்தன. அன்றும் வானம் மூட்டம் போட்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து நீ சொல்லிக்கொடுத்தபடி வண்டியை முடுக்கினேன். இரண்டு முறை இருமிவிட்டு ஓடியது. இறங்கி வந்து, இருட்டில் அவருக்குத் தெரியட்டும் என்று விளக்கை எடுத்து, எஞ்சினை நோக்கி நீட்டி விசையை அழுத்தினேன். வெள்ளொளி துடித்தது. விசிறி நின்றது. நான்கு இதழும் தெளிவாக, அன்று கண்டது போலவே.

"பாத்தீங்களா?" என்றேன்.

"ஆமா சம்பந்தி. நின்னுக்கிட்டுத்தானே இருக்கு!" அவர் குரலில் துயரமும் ஓர் ஆறுதலும் கலந்திருந்தன. நான் வென்றேன் என்று ஒரு கணம் என் மனம் நிமிர்ந்தது. மகனைப் பொய்யனாக்கி நிமிர்ந்த அந்த நிமிர்வை நினைத்தால் இப்போதும் எனக்கு உடல் கூசுகிறது. அவர் முன்னால் குனிந்தார். "இந்த எலைய லேசா ஆட்டுனா…" என்றபடி விரலை விசிறியின் இதழுக்கு நேரே கொண்டுபோனார். அதே வேளை, பழக்கமில்லாத என் விரல் விசையிலிருந்து நழுவியது. ஒளி அணைந்தது. விசிறியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் சாம்பல் நிறப் புகை போல ஒரு வட்டம் மட்டும் இருந்தது. அதன் காற்று என் முகத்தில் அடித்தது. அவருடைய கை அந்த வட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

அதன்பின் நடந்ததை நான் செய்தேன் என்று சொல்வதா, நடந்தது என்று சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. "டேய்! கைய எடுடா மடையா!" என்ற குரல் எழுந்தது. என் கையிலிருந்த விளக்கு அவர் மணிக்கட்டில் இறங்கியது. அவர் பின்னால் சாய்ந்து சுவரில் மோதி, பூந்தொட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். என்னைவிட மூத்தவர், சம்பந்தி, என் வீட்டில் தேநீரைத் தொடாமல் அமர்ந்திருந்த விருந்தினர். அவரை டேய் என்றேன். நீ எனக்குச் சொன்ன அதே சொல்லால் அழைத்தேன். மரியாதை எது, மூத்தோர் யார் என்று நான் அறிந்தவை எல்லாம் அந்த இமைப்பொழுதில் எங்கே போயின? எங்கும் போகவில்லை. அவற்றைத் தேடி எடுக்க நேரம் இல்லை, அவ்வளவுதான். முகவுரை சொல்லி, அடைமொழி சேர்த்து, வணக்கத்தோடு தடுத்திருந்தால் அவர் விரல்கள் போயிருக்கும். நீ முறையோடு அழைத்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதும் கை எனக்கு இருந்திருக்காது.

எஞ்சினை நிறுத்தினேன். அவர் பூந்தொட்டியிலிருந்து எழவில்லை. தம் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு விசிறியைப் பார்த்தார்.

"ஓடிக்கிட்டா இருந்துச்சு?"

"ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"அப்ப அன்னிக்கும்?"

ஆமென்று தலையசைத்தேன். அவர் மணிக்கட்டைத் தேய்த்தபடியே சொன்னார்: "ஸ்டேசன்ல எத்தன பேர சட்டையப் புடிச்சு இழுத்துத் தள்ளியிருக்கேன் தெரியுமா? ரயில் வரும், இவனுங்க கைப்போனப் பாத்துக்கிட்டு ஓரத்துல நிப்பானுங்க. என் வாயில வந்த வார்த்தையெல்லாம் இந்த வீட்டுல சொல்ல முடியாது. ஒருத்தன்கூட நன்றி சொன்னதில்ல லா. ஒருத்தன் என்மேல புகார்கூடக் குடுத்தான். அன்னிக்கு வாசக் கதவுக்கிட்ட நின்னு பாத்த எனக்கு மட்டும் இது தோணல பாருங்க." சொல்லிவிட்டு அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துக்கொண்டே, "நல்லாத்தான் அடிக்கிறீங்க சம்பந்தி. பரம்பரைக் கையா?" என்றார். அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்கும் வந்தது, என்னுடையது சிரிப்பினால் வந்ததன்று. கதவருகில் நின்ற உன் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "காது செவக்கலன்னு சொன்னேன்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆறிப்போன தேநீரை மாற்ற உள்ளே போனாள். அந்தத் தேநீரை அவர் குடித்தார்.

தை மாதத்தில் குறித்த நாள் குறித்தபடியே இருக்கிறது. தரணிக்கு அவரே அன்று மாலை சொல்லிவிட்டார். பெரியப்பாவிடம் நான் பேசினேன். நீ என் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கப்போவதில்லை என்றும், கேட்டால் அதை ஏற்கும் தகுதி எனக்கில்லை என்றும் சொன்னேன். "அப்ப ஒன் மரியாதை?" என்றார். அது என் கையோடு சேர்ந்து பத்திரமாக இருக்கிறது என்றேன். அவர் இன்னும் முணுமுணுக்கிறார். ஆனால் வேட்டி எடுக்கக் கடைக்குப் போகும் நாளைக் கேட்டிருக்கிறார். திருமண மேடையில் எல்லா மணமகனையும் போலப் பெற்றோரை வணங்குவாய், அது ஆசிக்காக. அதில் வேறு எதையும் கலக்காதே. அடித்த கையை நினைத்து நீ கூனிக் குறுகினால் நான் அந்த மேடையில் நிற்கமாட்டேன்.

இல்லறம் தொடங்கப் போகிறவனுக்குத் தகப்பன் ஏதேனும் சொல்லவேண்டும் என்பது வழக்கம். எங்களுக்குத் திருமணமான புதிதில், பூசையறைக் கூரையில் ஏதோ மொறுமொறுவென்று கேட்கிறது என்று உன் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் ஏணி வைத்து ஏறிப் பார்த்து, பலகை நன்றாகத்தான் இருக்கிறது, உனக்குப் பிரமை என்றேன். அடுத்த மழைக்காலத்தில் நான் கண்மூடிப் பாடிக்கொண்டிருந்தபோது அந்தப் பலகை கரையானும் மண்ணுமாக என் தலையில் விழுந்தது. அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. என் தலையிலிருந்து கரையானைப் பொறுக்கி எடுத்தாள். அதிலிருந்தாவது நான் கற்றிருக்கவேண்டும். தரணி ஒன்றைக் கண்டேன், கேட்டேன் என்று சொன்னால், நீ காணவில்லை என்பதை அதற்கு மறுப்பாக வைக்காதே. அவள் நின்ற இடத்தில் போய் நில். அவள் கேட்ட நேரத்தில் போய்க் கேள். அதன்பிறகு பேசு.

உன்னிடம் ஒரே ஒரு குறை சொல்வேன். அடித்தது குறையன்று. "நான் பொய் சொல்றேனாப்பா?" என்று ஒரு முறை கேட்டுவிட்டுப் போனாயே, அதுதான். நீ அங்கேயே நின்று எஞ்சினை மீண்டும் ஓட்டி, விளக்கை என் கையில் கொடுத்து, ஒரு காய்கறித் துண்டை விசிறியில் நீட்டிக் காட்டியிருக்கலாம். உன் நேர்மையைப் பிறர் தாமாகவே உணரவேண்டும் என்று எதிர்பார்த்து மௌனமாகப் போனாய். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை, என்னிடமிருந்துதான். ஆனால் மனைவியிடம் அது செல்லாது. ஆபத்தில் முதலில் கத்து. கையைப் பிடித்து இழு. தேவையென்றால் அடித்தும் விலக்கு. ஒரு மணி நேரத்துக்குள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எதற்கென்று சொல். கேட்க மறுத்தால் மறுபடியும் சொல். வீட்டைவிட்டுப் போகாதே.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் இதைப் படிக்கும்போது, நீ சொன்ன அந்தச் சொல்லையும், நான் சம்பந்தியைச் சொன்ன அந்தச் சொல்லையும் விடாமல் படிப்பேன். கோயிலில் அப்படியொரு வார்த்தையா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அந்த வார்த்தையால்தான் இரண்டு கைகள் பிழைத்தன என்று சொல்வேன். இறைவன் எத்தனையோ மொழிகளில் காக்கிறான். அன்று நம் வீட்டில் வசவு மொழியில் காத்தான். உன் மாமனார் முன்வரிசையில் உட்கார்வதாகச் சொல்லியிருக்கிறார். தரணி அவருடன் வருகிறாள். படித்து முடித்ததும், என் மகன் முகிலன் உண்மையைச் சொன்னான், நான் சொன்னதுதான் தவறு என்று உரத்துச் சொல்லி, உன் பெயரை அழைப்பேன். கூட்டத்தில் நீ இருக்கிறாயா என்று என் கண் கொண்டு தேடமாட்டேன். நீ குரல் கொடு.

திருவருள் உன் இரு கைகளையும் காக்கட்டும்.

உன் அப்பா